செல்வராசா சம்மாட்டியின் ஆர்பிஎம் மீற்றர்

மீற்றர் பூட்டிய படகில் ஏறினால் நான் மீற்றரைப் பார்ப்பதில்லை. அதற்கு முன்னால் நிற்கிறவரின் முகத்தைத்தான் பார்ப்பேன். முள் மேலே ஏற ஏற அவருடைய நெஞ்சும் நிமிரும். ஒரு நிமிடத்தில் எஞ்சின் எத்தனை தரம் சுற்றுகிறது என்று அறியத்தான் அந்த வட்டப் பெட்டி. எங்கள் தீவுப் பகுதியில் பாதிப் பேர் அதை மாப்பிள்ளைக்குக் கட்டிய கைக்கடிகாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

படகு எஞ்சின் திருத்துகிற ஊர்காவற்றுறை வேலைத்தளத்துக்கு எனக்குப் பிறகு வந்தவர்கள் இப்போது தொலைபேசியில் கேட்கிறார்கள். புதிய எஞ்சின்களுக்கு முள்ளே இல்லாத மீற்றர் வருகிறதாம். எண்ணே வெளிச்சமாக விழுமாம். "அக்கா, பழைய மீற்றர் பூட்டுறதைப் பற்றி எழுதித் தாங்கோ" என்று போன மாதம் ஒருவர் கேட்டார். பூட்டுவதை எழுத அரைப் பக்கம் போதும். பூட்டச் சொல்லி வந்தவர்களைப் பற்றி எழுதத்தான் கடதாசி காணாது.

நான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பிய பிறகு, பெண்களுக்குக் கைத்தொழில் பழக்குகிறோம் என்று ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் சரவணைக் கிராமத்தில் வந்து இறங்கியது. தையல், கேக் அலங்காரம், படகு எஞ்சின் திருத்தம். நான் போய்ச் சேர்ந்த அன்று தையலிலும் கேக்கிலும் இடம் முடிந்துவிட்டது. எஞ்சின் வகுப்பில் நாங்கள் ஆறு பெண்கள். படம் எடுக்க வருகிற வெள்ளைக்காரருக்கு முன்னால் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் முதல் பாதி முழுக்கப் பாடம். மற்றப் பாதியில் கொஞ்சம் படித்தோம். கடைசியில் சான்றிதழோடு சேர்த்து ஆளுக்கொரு குடையும் தந்தார்கள். குடை கன காலம் பாவித்தேன்.

உண்மையான வேலை பழகியது ஊர்காவற்றுறையில், கடற்றொழிலாளர் சங்கத்தின் வேலைத்தளத்தில், கனகு அண்ணையிடம். அவர்தான் அங்கே பொறுப்பு. மெலிந்த உடம்பு, எப்போதும் வெள்ளைப் பெனியன், அதில் ஒரு துளி எண்ணெய் கிடையாது. நாள் முழுக்க எஞ்சினுக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கிற மனிதரின் பெனியன் எப்படி வெள்ளையாக இருக்கிறது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. நான் வந்து நின்ற முதல் நாளில் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளை, உமக்குக் கோபம் வருமோ?" என்று கேட்டார்.

"வரும்" என்றேன்.

"அப்ப நில்லும். இஞ்ச வாற ஆக்களைச் சமாளிக்க அது வேணும்."

மீற்றர் பூட்டுவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. ஒரு படி தவறினாலும் திரும்ப முதலில் இருந்து செய்விப்பார். முதலில் எஞ்சின் திறப்பை, அதாவது சாவியை, கழற்றி அவருடைய சேப்புக்குள் போட்டுக்கொள்வார். படகுக்காரர் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் வேலை முடியும்வரை திறப்பு அங்கேதான். பிறகு பற்றறியின் ஒரு வயரைக் கழற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் மீற்றரில் கை வைக்கலாம். மீற்றருக்கு நாலு வயர். கறுப்பு எர்த்துக்கு. ஊதா, திறப்பைத் திருப்பினால் வருகிற மின்சாரத்துக்கு. நீலம் விளக்குக்கு. சாம்பல் நிற வயர்தான் எஞ்சினின் துடிப்பைக் கொண்டுவந்து முள்ளுக்குச் சொல்வது. நாலையும் முறுக்கி ரேப் சுற்றிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உப்புக் காற்று ஒரு மாரிக்குள் அந்த ரேப்பைத் தின்றுவிடும். கனகு அண்ணை ஒவ்வொரு முனைக்கும் செப்புக் காது வைத்து நசுக்கி, கிறீஸ் பூசி, குழாய் போட்டு மூடச் சொல்வார். ரேப்பை எடுத்தால் என் கையைத் தட்டிவிடுவார்.

அதெல்லாம் முடிந்த பிறகு மீற்றரின் முதுகில் உள்ள சின்னத் திருகு. அதைச் சுற்றி நாலு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று எண்கள் இருக்கும். எஞ்சினின் தலையில் சுற்றுகிற சக்கரத்துக்குள் எத்தனை காந்த முனைகளோ அந்த எண்ணில் திருகை நிறுத்த வேண்டும். எங்களிடம் வருகிற நாற்பது குதிரைவலு எஞ்சினுக்குப் பன்னிரண்டு. அதைப் பத்தில் வைத்தால் எஞ்சின் பாட்டுக்கு முன்போலச் சுற்றும், முள் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிப் பொய் சொல்லும். கனகு அண்ணை திருகை இந்த அந்தம் முதல் அந்த அந்தம்வரை நாலைந்து தரம் திருப்பி, உள்ளே பிடித்த களிம்பைக் கழற்றி, பன்னிரண்டில் நிறுத்துவார். பிறகு மேசை லாச்சியில் இருந்து சிவப்பு நகப்பூச்சுப் போத்தலை எடுப்பார். பாதி திருகிலும் பாதி பெட்டியிலுமாக ஒரு பொட்டு வைப்பார். திருகை யாராவது அசைத்தால் பொட்டு இரண்டாகப் பிளக்கும்.

"ஏனண்ணை இது?" என்று கேட்டேன்.

"மீற்றர் சாட்சிக்காரன் மாதிரி. சாட்சிக்காரனுக்கு வீட்டில வைச்சுச் சொல்லிக்குடுக்க இஞ்ச கன பேர் இருக்கினம்."

நயினாதீவுத் திருவிழாக் கடையில் அந்த நகப்பூச்சை வாங்கியபோது கூட நின்றவர்கள் சிரித்தார்களாம். அவர் கவலைப்படவில்லை.

சாட்சிக்காரனைக் கெடுக்க வருகிறவர்களை நானும் பார்க்கத் தொடங்கினேன். திருவிழாச் சனத்தை ஏற்றுகிற ஒருவர், மீற்றரை ஓட்டிக்கு முதுகு காட்டி, பயணிகள் பக்கம் முகம் வைத்துப் பூட்டச் சொன்னார். சனம் பார்த்து நம்பிக்கையோடு ஏறுமாம். கனகு அண்ணை நிமிர்ந்தே பார்க்கவில்லை. "அப்ப ஓட்டியையும் சனத்தைப் பார்த்துத் திருப்பி இருத்தும்" என்றார். இன்னொருவர் மீற்றர் கண்ணாடியில் சரியாக ஐயாயிரத்து ஐந்நூறுக்கு மேலே அம்மன் ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தார். அங்கேதான் முள் போகக்கூடாத சிவப்புக் கோடு தொடங்குகிறது. "அக்கா, அம்மன் பார்த்துக்கொள்ளுவா" என்றார். பார்க்க வேண்டியது அம்மன் இல்லை, அவர்தான் என்று சொன்னேன். அம்மனைப் பழித்துவிட்டேன் என்று புங்குடுதீவுவரை கதை போனது. நல்ல எஞ்சினுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ மாட்டார்கள். மீற்றர் கண்ணாடியை மட்டும் தினமும் இடுப்புச் சாரத்தால் துடைப்பார்கள்.

இனி செல்வராசா சம்மாட்டி, அதாவது படகு முதலாளி. நெடுந்தீவுக்காரர். இரண்டு படகு, ஒரு வலைக் கொட்டில், கோயில் திருவிழாவில் ஒரு நாள் உபயம். பெரிய படகு மீன் பிடிக்கப் போவதில்லை. நெடுந்தீவுக்கும் குறிகாட்டுவானுக்கும் இடையில் ஆட்களையும் சாமானையும் ஏற்றும். அதன் ஓட்டி யேசுதாசன் என்ற நடுத்தர வயதுக்காரர். வாயைத் திறந்தால் காசு போய்விடும் என்பதுபோலப் பேசாத மனிதர். அந்தப் படகுக்கு மீற்றர் பூட்டியது நான். பொட்டு வைத்தது கனகு அண்ணை.

குறிகாட்டுவான் இறங்குதுறையில் அந்தக் காலத்தில் ஒரு பழக்கம் பரவியிருந்தது. முந்தி ஓட்டிகள் சந்தித்தால் காற்றையும் கடலையும் கேட்பார்கள். மீற்றர் வந்த பிறகு "உன்ர எத்தினையில ஓடுது?" என்றுதான் கேட்பார்கள். ஒருவர் ஐயாயிரம் என்பார். மற்றவர் ஐயாயிரத்து ஐந்நூறு என்பார். செல்வராசாவின் படகு முழுப் பாரத்தில் நாலாயிரத்தைத் தாண்டவில்லை. அவருக்கு அது அவமானமாகிவிட்டது. ஓட்டியை அனுப்பாமல் தானே வேலைத்தளத்துக்கு வந்தார்.

காரணம் பார்த்தவுடனேயே தெரிந்தது. கனடாவில் இருந்து தம்பி அனுப்பிய புதிய புறொப்பலரைப் பூட்டியிருந்தார். எஞ்சினின் அடியில் தண்ணீரைத் தள்ளுகிற அந்த இலைச் சக்கரம் பாரமேற்றுகிற படகுக்கு உரியதே அல்ல. பெரிசு என்றால் வேகம் என்று நினைத்திருக்கிறார். எதிர்காற்றில் கடும் கியரில் சைக்கிள் மிதிக்கிறவன் போல எஞ்சின் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

"இதை மாத்துங்கோ. முள் தானா ஏறும்" என்றேன்.

"இது கனடாச் சாமான். இதை ஏன் மாத்த? அந்தப் பின்பக்கத் திருகைக் கொஞ்சம் திருப்பி விடுங்கோ. மண்டைதீவில ஒருத்தன் திருப்பினவனாம், முள் பாய்ஞ்சு போச்சுதாம்."

"திருப்பினா எஞ்சின் கூடுதலா ஓடாது. முள்ளுத்தான் ஓடும்."

"எனக்கு முள் ஓடினாக் காணும்" என்றார்.

இந்த ஒரு வசனத்துக்காகவே அவரை என்னால் மறக்க ஏலாது. கனகு அண்ணை எழுந்து வந்து, சேப்புக்குள் இருந்த திறப்பை எடுத்து அவருடைய கையில் வைத்தார். "கொண்டு போம். இஞ்ச அந்த வேலை இல்லை" என்றார். சம்மாட்டி போனார். அடுத்த கிழமை அவருடைய முள் நாலாயிரத்து எண்ணூறைத் தொடுகிறது என்று இறங்குதுறை முழுக்கப் பேச்சு. கனகு அண்ணை கேட்டுவிட்டுக் காறித் துப்பினார்.

யேசுதாசனுக்குப் படகு பாரமாக இழுப்பது தெரிந்திருக்கிறது. சம்மாட்டியிடம் சொல்லியும் இருக்கிறார். "முள்ளைப் பார், நாலாயிரத்து எண்ணூறு. உனக்குத்தான் ஓடத் தெரியாது" என்று பதில் வந்திருக்கிறது.

தென்மேற்கில் இருந்து சோளகக் காற்று எழும்பிய நாட்களில் அது நடந்தது. சம்மாட்டியின் மகள் சுகந்தி நிறைமாதம். கணவன் கொழும்பில் வேலை. காலையில் குத்து எடுக்கத் தொடங்கியதும் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்தப் படகிலேயே ஏற்றினார்கள். கூட ஒரு மருத்துவிச்சியும் வேறு நாலைந்து பயணிகளும், கரையிலேயே விட்டிருக்க வேண்டிய சாமான் மூட்டைகளும். நடுக்கடலில் எஞ்சின் இறுகி நின்றது. யேசுதாசன் நங்கூரத்தைப் போட்டு, படகின் முன்பக்க அணியத்தைக் காற்றுக்கு நேரே பிடித்து, சாமான் மூட்டைகளைக் கடலில் தள்ளி, வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். சுகந்தியைத் தார்ப்பாய்ப் படங்கால் மூடி வைத்திருந்தார்களாம். நயினாதீவுப் பக்கம் இருந்து வந்த மீன்பிடிப் படகு ஒன்று கண்டு கட்டி இழுத்துப் போனது. சுகந்தி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து அங்கே பிள்ளையைப் பெற்றாள். பிள்ளைக்கும் தாய்க்கும் உயிர் ஆபத்து இல்லை.

எஞ்சினையும் மீற்றரையும் கழற்றி எங்களிடம் கொண்டுவந்தார்கள். கனகு அண்ணை தலையைக் கழற்றினார். பிஸ்ரன் முகம் முழுக்கத் தார் பூசியதுபோலக் கரி, பக்கமெல்லாம் கீறல். அளவுக்கு மீறி வேகமாக ஓடி எரிந்த எஞ்சின் அப்படி இருக்காது. பாரம் இழுத்து இழுத்துச் செத்த எஞ்சின் அது. அதற்குள் நெடுந்தீவில் சம்மாட்டி வேறு கதை சொல்லத் தொடங்கியிருந்தார். யேசுதாசன் எஞ்சினைக் கண்மண் தெரியாமல் ஓட்டி எரித்துவிட்டானாம். அதற்குச் சாட்சியும் வைத்திருந்தார். இரண்டு நாளுக்கு முன் வெறும் படகாகத் திரும்பி வந்தபோது முள் ஆறாயிரத்தில், சிவப்புக் கோட்டுக்கு அங்காலே நின்றதைக் கண்ட மூன்று பேர். கண்டது உண்மை. ஆறாயிரம்தான் பொய்.

நெடுந்தீவுக் கடற்றொழிலாளர் சங்கம் கூட்டம் வைத்தது. யேசுதாசன் கவனமில்லாமல் ஓடினார் என்று தீர்மானித்தால் அந்தத் தீவில் அவர் கையில் இனி ஒருவரும் படகு கொடுக்க மாட்டார்கள். மூன்று பிள்ளைகள். வேறு தொழில் தெரியாது. என்னை வரச் சொல்லியிருந்தார்கள். கனகு அண்ணை என்னோடு வரவில்லை. மீற்றரைத் துணியில் சுற்றித் தந்தார்.

"போய்ச் சொல்லும். கூட்டியும் சொல்லாதேயும், குறைச்சும் சொல்லாதேயும்."

நெடுந்தீவுச் சங்க மண்டபத்தில் ஆண்கள் கதிரைகளில் இருந்தார்கள். பெண்கள் வாசற்பக்கம். யேசுதாசன் கதிரையில்கூட இருக்கவில்லை. சுவரோடு நின்றார். தலைவர், வயதான மனிதர், என்னைக் கேட்டார்.

"பிள்ளை, இந்த மீற்றர் சரியோ பிழையோ?"

மீற்றரை மேசையில் குப்புற வைத்தேன். "இந்தத் திருகு பன்னிரண்டில நிக்க வேணும். பத்தில நிக்குது. ஆறாயிரம் காட்டினா எஞ்சின் ஓடினது ஐயாயிரம். யேசுதாசன் அண்ணை கூடுதலா ஓடேல்லை. பெரிய புறொப்பலரும் பாரமும்தான் எஞ்சினைக் கொண்டது."

சம்மாட்டி எழும்பினார். "இவதான் பூட்டினது. பூட்டேக்கையே பிழையாப் பூட்டிப்போட்டு இப்ப எங்களைச் சொல்லுறா. எஞ்சினைப் பொம்பிளையளிட்டைக் குடுத்தா இப்பிடித்தான்."

கதிரைகளில் இருந்து ஒரு சின்னச் சிரிப்பு. எனக்குக் காது சுட்டது. கோபம் வருமோ என்று கனகு அண்ணை முதல் நாள் கேட்டது சரியான கேள்விதான் என்று அப்போது பட்டது.

"கிட்ட வந்து பாருங்கோ" என்றேன். "இதில சிவப்புப் பொட்டு ஒண்டு வைச்சனாங்கள். ஒரு பாதி பெட்டியில பன்னிரண்டுக்கு நேர நிக்குது. மற்றப் பாதி திருகோட பத்துக்குப் போட்டுது. நாங்கள் பூட்டின பிறகு ஆரோ திருப்பியிருக்கினம்."

ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். சிலர் கண்ணாடி மாட்டிப் பார்த்தார்கள். பொட்டு எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் ஒருவரும் சம்மாட்டியைப் பார்க்கவில்லை. திருவிழா உபயக்காரரைப் பார்த்து யார் கேட்பது? தலைவர் தொண்டையைச் செருமினார்.

"ஆர் திருப்பினதெண்டு எப்பிடிச் சொல்லுறது? படகு ஓட்டியின்ர கையிலதானே கிடந்தது" என்றார்.

திருப்பச் சொல்லிச் சம்மாட்டி எங்களிடம் வந்ததைச் சொன்னேன், கேட்டது திருப்பினதுக்குச் சாட்சி ஆகாது என்று தள்ளிவிட்டார்கள். அப்படித்தான் கதை திரும்பியது. ஓட்டியே வீம்புக்குத் திருப்பியிருக்கலாம் என்று ஒருவர். ஓம், இளசுகள் இப்படிச் செய்யிறதுதான் என்று இன்னொருவர். யேசுதாசனுக்கு நாற்பது வயதுக்கு மேல். கண்ணுக்கு முன்னால் கிடக்கிற பொட்டைவிடச் சம்மாட்டியின் உபயம் அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது. எனக்கு அந்த மேசையைத் தூக்கி அவர்கள் தலையில் போட வேண்டும் போல இருந்தது. யேசுதாசன் அப்போதும் வாய் திறக்கவில்லை. தான் திருப்பவில்லை என்றால் யார் திருப்பியது என்று கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை என்று எனக்கு விளங்கியது.

வாசற்படியில் இருந்த ஒரு பெண் பேசினார். சம்மாட்டியின் மனைவி பூமணி. எழும்பவில்லை. மடியில் கிடந்த கையை எடுக்கவும் இல்லை.

"அந்த மனிசனை ஏன் இழுக்கிறியள்? இவர்தான் கழட்டிக் கொண்டுவந்து குசினி மேசையில வைச்சுத் திருப்பினவர். நான்தான் ரோச் பிடிச்சனான்."

சம்மாட்டி, "நீ பேசாம இரு" என்றார். சொன்ன குரலில் வலு இல்லை.

"இவ்வளவு நாளும் பேசாமத்தான் இருந்தனான்" என்றார் பூமணி. "என்ர பிள்ளை அந்தப் படங்குக்குள்ள கிடந்து குழறேக்கை அலைக்குள்ள படகைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது இந்த மனிசன். உங்கட முள்ளில்லை. நீங்கள் அவருக்கு ஒரு வாய்த் தேத்தண்ணி குடுக்கேல்லை. பழியைக் குடுக்கிறியள்."

யேசுதாசன் மேல் தீர்மானம் ஒன்றும் எடுக்காமல் தலைவர் கூட்டம் முடிந்தது என்றார். யேசுதாசனிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சிரித்தவர்கள் திடீரென்று மீற்றரைக் கையில் எடுத்து, நல்ல சாமான், ஜப்பானோ என்று கேட்கத் தொடங்கினார்கள். இந்த ஊர் ஆண்களை நான் அன்றைக்குப் போல என்றைக்கும் வெறுத்ததில்லை.

வெளியே வந்தபோது சம்மாட்டி யேசுதாசனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "எஞ்சின் திருத்தி வந்தவுடன நீர் வந்து படகை எடும்."

"அந்தப் பெரிய புறொப்பலரைக் கழட்டுங்கோ" என்றார் யேசுதாசன். "கழட்டினாப் பிறகு சொல்லி அனுப்புங்கோ, வாறன்." சொல்லிவிட்டுத் தன் பாட்டில் நடந்தார். அவர் இரண்டு வசனம் சேர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

நான் இறங்குதுறைக்குப் போகும்போது சம்மாட்டி பின்னால் வந்தார். சுற்றிலும் ஆட்கள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, சின்னப் புறொப்பலர் ஒண்டு எடுக்கலாமோ?"

ஏலாது என்று சொல்ல எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. கனடாத் தம்பியிடம் கேளுங்கோ என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சுகந்தி பிள்ளையோடு நெடுந்தீவுக்குத் திரும்ப வேண்டும். வேறு எந்தப் படகில் வரப்போகிறாள்? வேலைத்தளத்துக்குப் போனதும் கனகு அண்ணையிடம் சொன்னேன். அவர் அலுமாரியைத் திறந்து சரியான புறொப்பலரை எடுத்துத் தந்தார். எஞ்சின் திருத்தி முடிந்ததும் புறொப்பலரையும் மீற்றரையும் சேர்த்து நானே நெடுந்தீவுக்குக் கொண்டுபோய்ப் பூட்டினேன். சம்மாட்டி பக்கத்தில் நின்று பார்த்தார். மீற்றரின் திருகைப் பன்னிரண்டுக்குத் திருப்பி, அவர் பார்க்கப் புதிதாகச் சிவப்புப் பொட்டு வைத்தேன்.